எட்டு வயதுப் பிள்ளைக்கு ட்ரொம்போன்: எதை வாங்குவது?

கேள்வி: 12 ஜனவரி 2024, கொட்டாஞ்சேனை

மகளுக்கு எட்டு வயது, உயரம் 124 செ.மீ. கோவில் பாண்டில் பார்த்த நாளிலிருந்து ட்ரொம்போன்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். லண்டனில் இருக்கும் என் அண்ணன் தன்னுடைய பழையதைத் தருகிறேன் என்கிறார். அதில் பின்பக்கம் ஒரு குழாய் சுற்றிப் போகிறது, பெருவிரலால் அமத்த ஒரு நெம்பும் இருக்கிறது. இங்கே ஒரு கடையில் பளபளவென்று புதியது ஒன்று பார்த்தோம். "வளர்கிற பிள்ளைதானே, பெரிய ஆட்களுடையதையே வாங்குங்கள்" என்றார் கடைக்காரர். சப்பாத்து மாதிரி இதையும் பெரிதாக வாங்கி வைக்கலாமா, அண்ணா?

12 ஜனவரி 2024, இரவு 10.15

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம், தங்கச்சி. சப்பாத்துப் பெரிதென்றால் முன்னுக்குப் பஞ்சு அடைக்கலாம். கை எட்டாத ட்ரொம்போனுக்கு அடைக்க ஒன்றும் இல்லை.

ட்ரம்பெட்டில் மூன்று பொத்தான், எந்தக் கைக்கும் எட்டும். ட்ரொம்போனில் சுரத்தை மாற்றுவது ஸ்லைட், முன்னுக்கும் பின்னுக்கும் இழுக்கிற குழாய். அதை ஏழு இடங்களில் நிறுத்துகிறோம், பொசிஷன் என்போம். 1 என்றால் முழுக்க உள்ளே, 7 என்றால் ஆகத் தூரம். பாண்டில் வழமையாக வாசிப்பது பி ஃப்ளாட் சுருதியில் உள்ள டெனர் ட்ரொம்போன். அதன் குழாயை நிமிர்த்திப் பார்த்தால் கிட்டத்தட்ட 9 அடி வரும். 'மாணவருக்கானது' என்று பெட்டியில் எழுதியிருந்தாலும் அந்த நீளம் குறையாது. குறைந்தால் சுருதியே மாறிவிடும். சின்னது என்று கடையில் காட்டுவது பெல் என்கிற விரிந்த முனையின் வாய் அகலத்தையும் குழாயின் உள்விட்டத்தையும்தான்.

7ஆம் பொசிஷன் எப்போதாவதுதானே வரும் என்பார்கள். 7 பரவாயில்லை, 6தான் தலைவலி. பிள்ளை முதன்முதலாகப் படிக்கிற பி ஃப்ளாட் ஸ்கேலை எடுங்கள்: பி ஃப்ளாட் 1, சி 6, டி 4, ஈ ஃப்ளாட் 3, எஃப் 1. இரண்டாவது சுரமே 6இல் கிடக்கிறது. கை எட்டாத பிள்ளை அங்கே தோளைத் திருப்பும், கழுத்தை வளைக்கும், மவுத்பீஸ் உதட்டிலிருந்து நழுவும். அதற்குப் பிறகு வருகிற சத்தத்தை வைத்து "காது இல்லாத பிள்ளை" என்று நாம் முடிவு கட்டிவிடுவோம்.

நான் அப்படி முடிவு கட்டினேன். 2016இல் மகனுக்கு ஏழரை வயது. பள்ளிக்கூடத்தில் நான் ட்ரொம்போன் வாசித்தவன் என்பதால் அவனும் வாசிக்க வேண்டும் என்று ஆசை. பெயர் தெரியாத ஒரு புதிய வாத்தியத்தை வாங்கிக்கொடுத்தேன். ஸ்லைட்டின் முனையைக் கதிரையின் கையில் ஊன்றிக்கொண்டு வாசிப்பான். இடது தோள் இறங்கி, தலை ஒரு பக்கம் சரிந்திருக்கும். "நிமிர்ந்து நில்லடா" என்று தினமும் ஏசினேன். நாலாம் மாதம் ஸ்லைட்டின் குறுக்குக் கம்பி பற்றாசு விட்டுக் கழன்றது. திருத்தக் கொண்டுபோன இடத்தில் இதற்குச் சாமான் கிடைக்காது என்றார்கள். அதைக் கேட்ட மகனின் முகத்தில் தெரிந்த நிம்மதியை நான் இன்னும் மறக்கவில்லை. அவன் திரும்ப எந்த வாத்தியத்தையும் தொடவில்லை.

ஆகவே கடைக்குப் போகுமுன் வீட்டில் இதைச் செய்யுங்கள். ஒரு தும்புத்தடியை எடுத்து ஒரு கோடு போடுங்கள். அது 1ஆம் பொசிஷன். அங்கிருந்து 8, 17, 26, 36, 46, 57 செ.மீ.யில் மற்றக் கோடுகள். அவைதான் 2இலிருந்து 7 வரை. முதல் கோட்டை வாய்க்கு நேரே பிடித்து, வலது கையை நீட்டி எந்தக் கோடு வரை எட்டுகிறாள் என்று பார்த்து எழுதுங்கள்.

12 ஜனவரி 2024, இரவு 11.50

படுக்கப் போய் எழும்பி வந்தேன். மேலே ஒரு பிழை. முதல் கோட்டை உதட்டில் வைக்கக் கூடாது. உதட்டுக்கும் வலது கை பிடிக்கும் கம்பிக்கும் இடையில் மவுத்பீஸும் கொஞ்சக் குழாயும் இருக்கின்றன. என்னுடையதில் இப்போது வைத்துப் பார்த்தேன், ஏறத்தாழ முக்கால் சாண். தடியின் நுனி உதட்டில், முதல் கோடு அங்கிருந்து முக்கால் சாண் தள்ளி.

15 ஜனவரி 2024

36ஐத் தாண்டி இரண்டு விரல் என்று எழுதியிருக்கிறீர்கள். 38 என்று வைப்போம். அப்படியென்றால் டெனரில் 5 எட்டும், 6 எட்டாது. அந்த உயரத்துக்கு அது சரியான கணக்குத்தான், பிள்ளையில் குறை ஒன்றும் இல்லை.

லண்டன் ட்ரொம்போனைப் பற்றி. அந்த நெம்பு ட்ரிகர், சுற்றிப் போவது எஃப் அட்டாச்மென்ட். அமத்தினால் வாத்தியம் எஃப்புக்கு இறங்கும். 6இல் எடுக்க வேண்டிய சி, 1இலேயே கிடைக்கும். "அப்போ கை எட்டாத பிள்ளைக்கு அதுதானே நல்லது?" என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனால் பாரத்தைப் பாருங்கள். ட்ரொம்போனை முழுக்கத் தாங்குவது இடது கை. வலது கை ஸ்லைட்டை நகர்த்த மட்டும், அது பாரம் தாங்கத் தொடங்கினால் ஸ்லைட் இறுகும். சாதாரண டெனரே ஒரு கிலோவுக்கு மேல். ட்ரிகரோடு இரண்டு கிலோவை நெருங்கும், அதுவும் முகத்துக்குப் பக்கத்தில், கையை மடித்துப் பிடிக்க வேண்டிய பாரம். உங்கள் அண்ணனுடையது பெரும்பாலும் 13.9 மி.மீ. உள்விட்டம் கொண்டதாக இருக்கும். வளர்ந்த ஆள் ஒரு மூச்சில் நிரப்புவதை இந்தப் பிள்ளை மூன்று மூச்சில் நிரப்ப வேண்டும். பன்னிரண்டு வயதில், கை பலமான பிள்ளைக்கு நானே அதைச் சிபாரிசு செய்வேன்.

பிளாஸ்டிக்கில் ஒன்று வருகிறதே என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம், விளையாட்டுச் சாமான். பத்து வயது வரை பொறுங்கள்.

மேல்வாயின் முன்பல் இரண்டும் விழுந்து முளைத்துவிட்டனவா? ஏழெட்டு வயதில் வரும். பாதி முளைத்த பல்லோடு மவுத்பீஸை அழுத்தினால் நோகும்.

20 ஜனவரி 2024

பிளாஸ்டிக் பற்றி நான் எழுதியதை மீளப் பெறுகிறேன்.

தெஹிவளையிலிருந்து ஒரு தம்பி "தொட்டுப் பார்க்காமல் எழுதாதீர்கள் அண்ணா" என்று எழுதியிருந்தார். சரி என்று நேற்று அவர் வீட்டுக்கே போனேன். அவரிடம் பீபோன் ஒன்றும் பீபோன் மினி ஒன்றும் இருக்கின்றன. பிரித்தானியத் தயாரிப்பு. பெரியது டெனர்தான், நீளம் அதே நீளம், ஆனால் நிறை 800 கிராம் அளவு. ஒரு கையால் தூக்கியபோது கை தானாக மேலே போய்விட்டது. அவ்வளவு பாரத்தை எதிர்பார்த்து என் கை பழகியிருக்கிறது. சத்தம் பித்தளையைவிடக் கொஞ்சம் மந்தம், உரத்து ஊதும்போது அந்த மினுக்கம் வராது. சுருதி சரியாக நிற்கிறது. ஸ்லைட் என்னுடையதைப்போல வழுக்கவில்லை, தண்ணீர் தெளித்தால் போகிறது. கீழே விழுந்தால் பள்ளம் விழாது, அவருடைய மகன் மூன்று தரம் போட்டிருக்கிறான்.

ஆனால் நான் எழுத வந்தது மினியைப் பற்றி. அது ஈ ஃப்ளாட் ஆல்ட்டோ, டெனரைவிடச் சுருதி கூடிய வகை. குழாயே குட்டை என்பதால் பொசிஷன்களும் நெருக்கம். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 6ஆம் பொசிஷன் 34 செ.மீ. அளவில், 7 ஏறத்தாழ 43இல். உங்கள் மகளுக்கு 38 எட்டுகிறது, அதாவது 6 எட்டுகிறது! முதல் ஸ்கேலை முழுதாக, கழுத்தை வளைக்காமல் வாசிக்கலாம். தம்பியின் மகனுக்கும் எட்டு வயது. நான் இருக்கும்போதே சோபாவின் நுனியில் உட்கார்ந்து, நிமிர்ந்த முதுகோடு வாசித்துக் காட்டினான். எனக்கு என் மகனின் சரிந்த தோள் ஞாபகம் வந்தது. 2016இல் இப்படி ஒன்று இருப்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

21 ஜனவரி 2024

மினி வாங்குவதாக இருந்தால் ஒரு விடயத்தை முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற சேரிடம் கதைத்துக்கொள்ளுங்கள். ஈ ஃப்ளாட் வாத்தியத்தில் 1ஆம் பொசிஷனில் வருவது ஈ ஃப்ளாட்டும் பி ஃப்ளாட்டும். டெனரில் அதே இடத்தில் பி ஃப்ளாட்டும் எஃப்பும். பாஸ் கிளெஃபில் (கிளெஃப் என்பது இசைத் தாளில் எந்தக் கோடு எந்தச் சுரம் என்று காட்டும் குறி) உண்மையான சுரப் பெயரோடு படித்த பிள்ளை, இரண்டு வருடம் கழித்து டெனருக்கு மாறும்போது எல்லாவற்றையும் புதிதாகப் பாடமாக்க வேண்டும்.

இதற்கு பிராஸ் பாண்டுக்காரர்களிடம் நல்ல வழி இருக்கிறது. ஈ ஃப்ளாட் டெனர் ஹோர்ன் என்ற இன்னொரு பித்தளை வாத்தியத்துக்கு எழுதிய ட்ரெபிள் கிளெஃப் தாளை மினிக்குக் கொடுங்கள். அதில் 'சி' என்று எழுதியிருந்தால் 1ஆம் பொசிஷன். பிறகு டெனருக்குப் போகும்போது பி ஃப்ளாட் ட்ரெபிள் கிளெஃப் தாள். அதிலும் 'சி' என்றால் 1ஆம் பொசிஷன்தான். கண் பார்ப்பதும் கை போவதும் மாறாது, கேட்கும் சுருதி மட்டும் இறங்கும். ஏபிஆர்எஸ்எம் என்ற பிரித்தானியச் சபையின் இசைச் சோதனைகளில் ட்ரொம்போனுக்கு ட்ரெபிள், பாஸ் இரண்டு கிளெஃபிலும் வாசிக்க இடம் உண்டு, பயப்படத் தேவையில்லை. ஒரு நாள் ஓர்க்கெஸ்ட்ராவில் உட்காருவதென்றால் பாஸ் கிளெஃப் கட்டாயம் வேண்டும். அதைப் பதினொரு வயதில் படிக்கட்டும்.

2 பெப்ரவரி 2024

இது பம்பலப்பிட்டியில் பதினொரு வயது மகனுக்குப் பழைய பித்தளை டெனர் தேடுகிறவருக்கு. உங்கள் மகனுக்கு 6 எட்டுகிறது, ஆகவே மினி தேவையில்லை. ட்ரிகர் இல்லாத, 12.7 மி.மீ. உள்விட்டமுள்ள ஒன்றைத் தேடுங்கள். யமஹா வைஎஸ்எல்-354 அந்த அளவு. பாக், கிங் கம்பனிகளின் மாணவர் மாடல்களும் அதை ஒட்டியவைதான். நல்ல கை பட்ட பத்து வருடப் பழையது, பெயரில்லாத புதியதைவிட மேல். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்கு ஏறிய பிறகு புதிய யமஹாவின் விலையைக் கேட்கவே மனம் வராது என்பதும் உண்மை.

பார்க்கப் போகும்போது பளபளப்பைப் பார்க்காதீர்கள். லக்கர் பூச்சு உரிந்திருந்தால் அழகு குறையும், சத்தம் குறையாது. பெல்லில் சின்னப் பள்ளம் இருந்தாலும் பொறுக்கலாம். ஸ்லைட்தான் உயிர். பூட்டைத் திறந்து, நிலத்தில் ஒரு துவாயைப் போட்டு, ட்ரொம்போனைச் செங்குத்தாகப் பிடியுங்கள். வெளிக் குழாயை ஒரு விரலால் தாங்கிக்கொண்டு மெல்ல விடுங்கள். தானாகச் சறுக்கிக்கொண்டு கீழே வர வேண்டும். எங்கேயாவது நின்று யோசித்தால், கரகரவென்று ஒரு உரசல் விரலுக்குத் தெரிந்தால், உள்ளே பள்ளம் இருக்கிறது அல்லது இரண்டு குழாயும் ஒன்றுக்கொன்று நேராக இல்லை. "கிரீஸ் போட்டால் சரியாகும்" என்று சொல்வார்கள். சரியாகாது.

அடுத்து ஸ்லைட்டைத் தனியாக எடுத்து, மேல் முனை ஒன்றில் வாயை வைத்து, மற்றதைப் பெருவிரலால் அடைத்து ஊதுங்கள். காற்று எங்கும் கசியக் கூடாது. கசிந்தால் முதலில் எச்சில் வடிக்கும் நெம்பின் தக்கையைப் பாருங்கள், அது மலிவான திருத்தம். உள் குழாய்களின் நுனி கொஞ்சம் தடித்திருக்கும். உரசுவது அந்த இடம்தான், அங்கே முலாம் தேய்ந்து மஞ்சள் தெரிந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். பித்தளையில் இளஞ்சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் அது உள்ளிருந்து அரித்துக்கொண்டு வருகிறது. கடற்கரையோரம் குடியிருக்கிற எங்களுக்கு அது இன்னும் வேண்டாம்.

மவுத்பீஸ் தண்டில் சின்னது, பெரியது என்று இரண்டு அளவு உண்டு. நீங்கள் தேடுவதற்குச் சின்னத் தண்டு. குடுவையின் அளவு 12சி அல்லது ஆறரை ஏஎல் என்றால் தொடக்கத்துக்குப் போதும்.

மகனைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவன் கையில் கொடுத்து, பத்து நிமிடம் நின்று பிடிக்கிறானா என்று பாருங்கள்.

3 பெப்ரவரி 2024

தேங்காயெண்ணெய் போடலாமா என்று கேட்டவருக்கு: வேண்டாம். தையல் மெசின் எண்ணெயும் வேண்டாம். ஸ்லைட் கிரீம், கிடைக்காவிட்டால் முகத்துக்குப் பூசும் கோல்ட் கிரீம், அதுவும் பொட்டளவு, நுனியில் மட்டும். மேலே தண்ணீர் தெளியுங்கள். பழைய வாசிப்பாளர்கள் பல காலம் அப்படித்தான் செய்தார்கள். பிளாஸ்டிக்குக்குத் தண்ணீர் மட்டும் போதும்.

17 பெப்ரவரி 2024

மினி வந்து சேர்ந்தது, மகள் சிவப்பு நிறம் கேட்டாள் என்று எழுதியிருக்கிறீர்கள். மிகவும் சந்தோஷம், தங்கச்சி. முதல் கிழமை ஸ்லைட்டைத் தொடவே விடாதீர்கள். மவுத்பீஸில் மட்டும் உதட்டை அதிரவைத்து ஊதட்டும், நாளுக்குப் பத்து நிமிடம்.

10 மார்ச் 2024

பள்ளிக்கூடக் கிரிக்கெட் பிக் மேட்ச் காலம். காலி வீதியில் நேற்று ஒரு லொறி நிறையப் பெடியன்கள், பப்பரே பாண்ட் முழக்கிக்கொண்டு போனார்கள். ட்ரொம்போன்காரன் லொறியின் பின்கதவுக்கு மேலாக ஸ்லைட்டை நீட்டி நீட்டி வாசித்தான், பின்னால் வந்த ஓட்டோக்காரர் கொஞ்சம் தள்ளியே வந்தார். எங்கள் காலத்திலும் ட்ரொம்போனுக்குக் கடைசி வரிசை, லொறியின் ஓரம். இடம் வேண்டுமே!

கொட்டாஞ்சேனைப் பிள்ளை முதல் தரம் 1இலிருந்து 6 வரை இழுத்து ஊதிவிட்டு "அம்மா, யானை!" என்றாளாம். இரண்டு நாளாக நினைத்து நினைத்துச் சிரிக்கிறேன். அந்த இழுவையைத் தடுக்காதீர்கள். பியானோவில் செய்ய முடியாததை அவள் செய்கிறாள்.

14 ஏப்ரல் 2024

புத்தாண்டு அன்று பெரியம்மா வீட்டில் நடந்த ஒரு கதை. பெரியம்மா வயலின் சொல்லிக்கொடுப்பவர். என் பழைய ட்ரொம்போனைக் கொண்டுபோயிருந்தேன். 1ஆம் பொசிஷனில் ஸ்லைட்டை அசைக்காமல், உதட்டை மட்டும் இறுக்கி மூன்று சுரம் வாசித்தேன். கண்ணை மூடிக்கொண்டிருந்த பெரியம்மா, "ஸ, ப, மேல் ஸ" என்றார். நாற்பது வருடமாக எஃப், பி ஃப்ளாட் என்று சொல்லிப் பழகிய எனக்கு அது பளிச்சென்று பிடித்தது. ட்ரொம்போன் தன் இயல்பிலேயே தருவது ஷட்ஜமும் பஞ்சமமும்.

பிறகு ஸ்லைட்டைப் பார்த்துவிட்டு, "இதில் வீணை மாதிரி மெட்டு இல்லையே, எங்களுடையது மாதிரித்தானே, காதால்தானே இடம் பிடிக்க வேண்டும்" என்றார். அதேதான். ஸ்லைட்டில் கோடு கிடையாது. தும்புத்தடிக் கோடுகள் கையை அளக்க மட்டும், வாசிக்கும்போது அவற்றை நினைக்கவே கூடாது. ஆகவே, பிள்ளைக்குச் சுரம் பாட வருமென்றால் ஊதுமுன் பாடச் சொல்லுங்கள். ஸ ப ஸ பாடிவிட்டு ஊதுகிற பிள்ளைக்கு உதடு எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்திருக்கும். இதை ஜனவரியிலேயே எழுதியிருக்க வேண்டும், வாத்தியத்தைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்துவிட்டேன்.

13 ஜூன் 2024

இன்று கொச்சிக்கடை அந்தோனியார் திருநாள். சுற்றுப்பிரகாரத்தில் பாண்ட் போவதை மகளுக்குக் காட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். ட்ரொம்போன்காரர்கள் ஏன் முன் வரிசையில் போகிறார்கள் என்று கேட்டாளாம். நடந்து வாசிக்கும்போது ஸ்லைட் முன்னால் போகிறவரின் முதுகில் இடிக்காமல் இருக்கத்தான்.

29 ஜூன் 2024

தொடர்மாடியில் பக்கத்து வீட்டுக்காரர் முறைப்பாடு பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். பெல்லை அடைக்கும் பயிற்சி மியூட் உண்டு. சின்னப் பிள்ளைக்குத் தினமும் அதைப் போட வேண்டாம். உள்ளே காற்று திருப்பித் தள்ளும், பிள்ளை தொண்டையை இறுக்கப் பழகிவிடும், முன்பக்கம் பாரமும் கூடும். பின்னேரம் ஐந்து மணிக்குப் பதினைந்து நிமிடம், அதே நேரம், ஒவ்வொரு நாளும். நான் வெள்ளவத்தையில் கீழ்வீட்டு ஆச்சியிடம் முதலிலேயே போய்ச் சொன்னேன். அவர் அந்த நேரத்துக்குத் தேத்தண்ணி வைக்கத் தொடங்கினார்.

8 செப்டெம்பர் 2024

மவுத்பீஸ் இறுகிவிட்டதா? குறடு வேண்டவே வேண்டாம்! முறுக்கினால் குழாய் திருகிவிடும். அதைக் கழற்றவென்றே ஒரு கருவி இருக்கிறது. பாண்ட் வைத்திருக்கிற பள்ளிக்கூடங்களில் கேட்டுப் பாருங்கள். இனிமேல் போடும்போது மெல்ல வைத்து ஒரு சின்னத் திருப்பு, அவ்வளவுதான். உள்ளங்கையால் தட்டக் கூடாது.

19 ஜனவரி 2025

ஒரு வருடம். தடியில் திரும்ப அளந்து 41 என்று எழுதியிருக்கிறீர்கள். இன்னும் மினிதான். "எப்போது பெரியது?" என்று மகள் கேட்கிறாள் என்றால் தடியை அவள் அறையில் வைத்துவிடுங்கள், அவளே பார்த்துக்கொள்ளட்டும்.

குட்டைக் கைக்கென்று யமஹாவில் வைஎஸ்எல்-350சி என்று ஒரு மாடலும் இருக்கிறது. ஸ்லைட் குட்டை, நெம்பை அமத்தினால் சுருதி பி ஃப்ளாட்டிலிருந்து சிக்கு ஏறும், 6க்கும் 7க்கும் போகாமலே அந்தச் சுரங்கள் கிடைக்கும். நல்ல யோசனை. ஆனால் உங்களிடம் ஏற்கனவே ஒன்று இருக்கும்போது நடுவில் இன்னொன்றுக்குக் காசு செலவழிக்க வேண்டாம்.

22 நவம்பர் 2025

நடுவிரல் 46ஆம் கோட்டைத் தொட்டுவிட்டது! வீடியோவை நாலு தரம் பார்த்தேன். 6ஆம் பொசிஷனை விரல் நுனியால் பிடிக்கலாம், கை மூடிப் பிடிக்கத் தேவையில்லை, ஆகவே இது போதும். இடது கையும் இரண்டு வருடத்தில் பழகிவிட்டது, தோள் நேராக நிற்கிறது.

அண்ணன் டிசம்பரில் வருகிறார் என்றால் ட்ரிகர் உள்ளதை அங்கேயே விட்டுவிட்டு, அங்கே பழையது விற்கும் இடத்தில் 12.7 மி.மீ. டெனர் ஒன்று பார்க்கச் சொல்லுங்கள். பெப்ரவரி 2ஆம் திகதி நான் எழுதியதை அவருக்கு அப்படியே அனுப்புங்கள். விமானத்தில் வன்பெட்டியில்தான் வர வேண்டும். மவுத்பீஸைக் கழற்றித் துணியில் சுற்றிக் கைப்பையில் வைக்கட்டும், பெட்டிக்குள் உருண்டால் ஸ்லைட்டில்தான் போய் இடிக்கும். ஸ்லைட்டைப் பூட்டி, அதற்குப் பக்கத்தில் வேறு எதுவும் அடையக் கூடாது, சொக்லேட் கூட. மினியைத் தெஹிவளைத் தம்பி கேட்கிறார், அவருடைய இளைய மகளுக்கு ஏழு வயது முடிகிறதாம். தும்புத்தடியையும் சேர்த்துக் கொடுங்கள்.